யார் என்ன படித்தார் என்று நான் எழுதிய நோட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் இடம் மாறிப்போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசகர் வட்ட மலரைத் தட்டச்சு செய்கிற தம்பி பிழைகளைத் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பிழைகளைத் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆட்களின் பெயர்களை நானே மாற்றிவிட்டேன்.

குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் ஒரு கிளை நூலகத்தில் முப்பத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்தேன். திறப்பது, பூட்டுவது, கூட்டுவது, பத்திரிகைகளுக்கு முத்திரை குத்துவது, திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அலமாரியில் வைப்பது, கிழிந்தவற்றைப் பசை போட்டு ஒட்டுவது என் வேலை. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் உட்கார முடியாமல் பத்திரிகை படிக்க அங்கேதான் போகிறேன். போன மாதம் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. இப்போது நூலகராக இருக்கும் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்கண்ணே. ஒரு மெம்பர் நம்பரை அடிச்சாப் போதும். இதுல ஏத்தின நாள்லேர்ந்து என்னென்ன புத்தகம் எடுத்தாரு, எத்தனை நாள் வச்சிருந்தாரு, எல்லாம் வந்துடும்."

"திருப்பிக் கொடுத்ததுகூடவா?"

"அதுவுந்தான். அழியவே அழியாது."

"இதை யாரு யாரு பாக்கலாம்?"

"பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தாண்ணே இருக்கு" என்றார். அந்தப் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது.

நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்டார். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. "அப்ப எழுதிக் கொடுங்க, மலர்ல போடலாம்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த வருடம் அது. நடவுக்கும் ஆள் வேண்டாம், அறுப்புக்கும் ஆள் வேண்டாம். என் வயதுக்காரர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். சிலர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார்கள். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. அதனால் எங்கும் போகவில்லை. நூலகத்தைக் கூட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அங்கே சுவரிலேயே 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. எனக்கேற்ற இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகர் ஜமால் சார் என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன், தம்பி எல்லாம் அரபு நாட்டில் கடை வைத்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் இங்கேயே தங்கியவர். "எங்க வீட்ல என்னை ஆம்பளைக் கணக்குலயே சேர்க்கிறதில்ல, கோவிந்து" என்று சிரிப்பார். என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாசகர் புத்தகத்தை மேசையில் வைத்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார். முன்னட்டையைப் பார்க்கவே மாட்டார். பின்னட்டையைத் திறந்து, அட்டையை உருவி, தேதி குத்தி, அப்படியே கவிழ்த்தபடி திருப்பித் தருவார். 'ஓ, இதைப் படிக்கிறீங்களா' என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. வாசகர் தானாக வந்து கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவார். கேட்காவிட்டால் அது அவர் கண்ணுக்கே தெரியாது.

புத்தகம் கொடுக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதற்குள் அந்தப் புத்தகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய சிறிய அட்டை இருக்கும். உறுப்பினருக்கு நாங்கள் கொடுக்கும் கார்டும் ஒரு சின்னப் பை மாதிரிதான் இருக்கும். புத்தகம் வெளியே போகும்போது, புத்தகத்தின் அட்டையை உறுப்பினரின் பைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிப்படி ஒரு நீளமான மரப்பெட்டியில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டையும் பிரிப்போம். அட்டை புத்தகத்துக்குள் போகும். பை உறுப்பினர் கைக்குப் போகும். அவ்வளவுதான். அவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டார் என்பதற்கு அதன்பின் நூலகத்தில் ஒரு தடயமும் இருக்காது. தேதிச் சீட்டில் தேதி மட்டும் நிற்கும், பெயர் நிற்காது.

இதை அப்போது நான் ஒரு பெரிய குறை என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் யாரோ பிளேடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகைகளில் ஓட்டை விழுந்தது. வார இதழ்களில் விழுந்தது. பிறகு புத்தகங்களிலும் ஒன்றிரண்டு பக்கம் காணாமல் போனது. தணிக்கைக்கு வந்த அதிகாரி பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டிவிட்டு, "இது நூலகமா, சல்லடையா?" என்று கேட்டார். "உதவியாளர்னு ஒரு ஆள் இருக்காரே, அவருக்கு இங்க என்ன வேலை?" என்றும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஜமால் சார், "பொது இடம் சார், பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அன்றிலிருந்து உள்ளே வருகிற எல்லோரும் எனக்குத் திருடர்களாகத் தெரிந்தார்கள். தோளில் துண்டு போட்டு வருகிறவர், மூலை பெஞ்சில் உட்காருகிறவர், பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடிக்கிறவர் எல்லோரையும் கவனித்தேன். வெள்ளைச் சட்டைக்காரர்களை மட்டும் கவனிக்கவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காலையில் சார் வருவதற்கு முன் மரப்பெட்டியைப் பார்த்து எழுதுவேன். பெயர், புத்தகம், தேதி. சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எந்தப் புத்தகத்தில் பக்கம் காணாமல் போனாலும் கடைசியாக வைத்திருந்தவர் யார் என்று சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். சாரிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தி அவரை ஆச்சரியப்படுத்த நினைத்தேன்.

ஐந்து மாதம் எழுதினேன். யாரும் அகப்படவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் அப்போது ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். அதன் முதலாளியை ஊரில் எல்லோரும் டிராவல்ஸ்காரர் என்றே சொல்வார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருப்பார். தினம் மாலையில் பத்திரிகை படிக்க வருவார். ஒருநாள் ஓட்டை விழுந்த பத்திரிகை ஒன்றை என்னிடம் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கண்ணே, என் விளம்பரம் இருந்த இடம் இது. எவனோ கட்டம் கட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். யாரா இருக்கும்?"

"தெரியலீங்க."

"உங்களுக்குத் தெரியாமலா? இங்க ஈ பறந்தாக்கூட உங்க கண்ணுல படாமப் போவாது."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. "எழுதி வச்சுக்கிட்டுத்தாங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எழுதியா? எங்க, காட்டுங்க பாப்போம்."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான் எழுதிய ஒன்றை ஒருவர் கேட்டு வாங்கிப் படித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கையெழுத்து நல்லாத்தாண்ணே இருக்கு" என்றார். ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு பேச்சைச் சந்தேகப்படவில்லை.

அந்த நோட்டில் ஒரு பெயர் அடிக்கடி வந்திருந்தது. மல்லிகா. கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவர். அவர் வீட்டுக்காரர் செல்வராசு, இதே டிராவல்ஸ்காரர் மூலமாக டிரைவர் வேலை என்று சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர். போன இடத்தில் என்ன வேலை கொடுத்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதினான்கு மாதமாகக் கடிதம் இல்லை. மற்ற புத்தகங்களுக்கு நடுவே மல்லிகா மூன்று தடவை எடுத்தது ஒரே புத்தகம். பச்சை அட்டை போட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான சட்டத்தைத் தமிழில் விளக்கும் புத்தகம். அவர் பெயருக்குப் பக்கத்தில் நான் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

டிராவல்ஸ்காரர் நோட்டைப் படித்த எட்டாம் நாள், பூக்கடைப் பெண் ஒருவர் அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தையும் மல்லிகாவின் கார்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தையல்கடை அக்கா குடுக்கச் சொன்னாங்க. இனிமே வேணாமாம். கார்டையும் கேன்சல் பண்ணிடணுமாம்."

ஜமால் சார் வழக்கம்போலப் புத்தகத்தைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. புத்தகத்தைப் பார்த்து யாரோ எழுதிக்கொண்டே வந்து, ஒரு விலாசத்தின் பாதியில் நிறுத்தியிருந்த தாள். சார் அதை மடித்து மேசை டிராயரில் வைத்தார். "படிச்சு முடிக்கலையே" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே டிராவல்ஸ்காரர் வந்தார். போகும்போது சார் காதுபடவே என் தோளில் தட்டி, "உங்க நோட்டு நல்லா உதவிச்சுண்ணே" என்றார்.

சார் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு வாசகர்கள் போன பிறகு, "கதவைச் சாத்திட்டு வாங்க, கோவிந்து" என்றார். சாத்திவிட்டு வந்தேன்.

"நோட்டு?"

கொடுத்தேன். முதல் பக்கத்தில் மூன்று வரி படித்திருப்பார். சட்டென்று மூடி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பேப்பரை வெட்டுனவன் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துட்டுப் போனான். நீங்க என்ன எடுத்தீங்கன்னு தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. நின்றேன்.

"அந்தம்மா இந்த ஊர்ல யாருகிட்டயும் வாயைத் தொறக்காம ஒரு வழி தேடறதுக்குன்னு இருந்தது இந்த ஒரு பெஞ்சு. அதை எடுத்துட்டீங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் போய்ச் சொன்னா ஆபீஸ் கடுதாசி மாதிரி ஆயிடும். நீங்க போங்க. செஞ்சதை நீங்களே சொல்லுங்க" என்றார். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை என்ன பண்றதுன்னும் நீங்களே முடிவு பண்ணுங்க." பின்பக்கத்தில் பசை காய்ச்சும் அடுப்பு இருந்தது. அதில் வைத்தேன். எண்பது பக்கம் எரிய அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

தையல்கடைக்கு நடந்த தூரம் இருநூறு அடிகூட இருக்காது. இரண்டு தடவை பாதியில் திரும்பினேன். மூன்றாம் தடவை போய் நின்றேன். மல்லிகா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"என்னண்ணே, அளவு சட்டை கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும். நீங்க என்ன புத்தகம் எடுக்கறீங்கன்னு அவனுக்குச் சொன்னது நாந்தான். ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அதைக் காட்டிட்டேன்."

மெஷின் நின்றது.

"நீங்களா? வாயில விரலை வச்சாக்கூட கடிக்கத் தெரியாதவருன்னுல்ல ஊரே உங்களைச் சொல்லுது!"

மல்லிகா தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்தார்.

"என்ன எழுதுனீங்க?"

"பேரு, புத்தகம், தேதி. பக்கத்துல ஒரு கேள்விக்குறி."

"கேள்விக்குறி எதுக்கு?"

"பேப்பர் வெட்றது நீங்களோன்னு ஒரு... நீங்க கத்தரிக்கோல் வச்சிருக்கீங்களேன்னு."

மல்லிகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

"அப்ப சலூன்காரரு, பூக்காரி, ஜவுளிக்கடைக்காரரு எல்லாரையும் புடிச்சு எழுதுங்க. கத்தரிக்கோலாம்! படிக்கிற எடத்துல உக்காந்து இருக்கீங்க, புத்தி போறதைப் பாரு."

"தப்புதாம்மா."

"அந்த ஆளு இந்த ஸ்டூல்லதான் வந்து உக்காந்தான். 'தங்கச்சி நல்லாப் படிக்குதாமே, பச்சை அட்டைப் புத்தகம் மூணு தடவை எடுத்துச்சாமே'ன்னான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அவரு பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்காம். நான் எங்கயாவது மனு எழுதினேன்னா, ஓடிப்போனவன்னு பேரு கட்டி அவரை அங்கயே உள்ள வச்சிருவாங்களாம். இப்ப சொல்லுங்க, நான் என்ன பண்றது?"

"மனு எழுதறதுக்கு இன்னும் என்ன வேணும்?"

"ரெண்டு மூணு பக்கம். எந்தெந்தக் காகிதத்தை வச்சு எந்த விலாசத்துக்கு அனுப்பணும்னு போட்டிருக்கு. பாதி எழுதுறப்ப நிறுத்திட்டேன். ஆனா அந்தப் படிய இனிமே நான் மிதிக்க மாட்டேன். லைப்ரரிக்கு எதுத்தாப்ல டீக்கடையில ஒரு ஆளை உக்கார வச்சிருக்கான்."

திரும்பிப் பார்த்தேன். ஆள் இருந்தது.

மாலையில் சாரிடம் போய், "எனக்கு ஒரு கார்டு வேணும் சார்" என்றேன். ஆறு வருடமாக அங்கே வேலை செய்தும் என் பெயரில் ஒரு கார்டு இருந்ததில்லை. புத்தகங்களைத் தூக்குகிறவனுக்குக் கார்டு எதற்கு என்று இருந்துவிட்டேன். சார் ஏன் என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்தார். ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். நான் பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மற்றவர்களுக்குச் செய்வது போலவே அதைக் கவிழ்த்து, தேதி குத்தி, நீட்டினார். டிராயரைத் திறந்து மடித்த தாளையும் எடுத்து அதற்குள் வைத்தார்.

புத்தகத்தை ரவிக்கைத் துணியில் சுற்றி, துணிப்பையில் போட்டுக் காலையில் தையல்கடையில் கொடுப்பேன். மாலையில் அளவு சரியில்லை என்று சத்தமாகச் சொல்லி வாங்கி வருவேன். சத்தமாகப் பேசுவதற்கு வீட்டில் பழகிப் பார்த்தேன். என் மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தீவாளியும் இல்ல, பொங்கலும் இல்ல. இது மூணாவது ரவிக்கை. என்ன சமாச்சாரம்?"

"சும்மாத்தான்."

"சும்மா வாங்கிக் குடுக்கற ஆளா நீங்க?" என்று கேட்டு, ஒரு வாரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் தடவை புத்தகம் தையல்கடையில் இருந்த நாள். சார் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். டிராவல்ஸ்காரர் வந்து நேராகச் சட்டப் புத்தக அலமாரிக்குப் போனார். ஓவர்சியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் இன்னும் நான்கைந்து பேரும் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைக் காணோமே, அண்ணே."

"வெளிய போயிருக்குங்க."

"யாருகிட்ட?"

"சொல்லக் கூடாதுங்க."

"இதென்ன புதுசா? நோட்டைக் காட்டுங்க."

"நோட்டு இல்லீங்க."

சிரித்துக்கொண்டே மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார். மரப்பெட்டியை இழுத்தார். நான் அதன்மேல் கை வைத்தேன். என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றை உருவினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"கோவிந்தராசு. யாருய்யா இது?"

"நாந்தாங்க."

"நீயா?" அதுவரை அண்ணே என்றவர் அந்த இடத்தில் மாறினார். "அஞ்சாங்கிளாஸ் படிச்ச உனக்கு எதுக்குய்யா இந்தச் சட்டமெல்லாம்?"

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் புத்தகம் அப்போது எங்கே இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்காவிட்டால் அவர் அடுத்து போகிற இடம் தையல்கடைதான்.

"வெளிநாட்டுக்குப் போலாமான்னு பாக்குறேங்க."

"போறதுன்னா என்கிட்டல்ல வரணும்?"

"அதாங்க. வர்றதுக்கு முன்னாடி படிச்சுட்டு வரலாம்னு."

ஒரு பத்திரிகைக்குப் பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. டிராவல்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பத்திரிகைகளும் உயர்ந்தே இருந்தன.

"எப்ப முடிப்ப?"

"எழுத்துக் கூட்டித்தாங்க படிக்கிறேன். நாளாகும்."

அட்டையை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்துப் பெட்டியில் அதன் இடத்திலேயே செருகினேன். சார் வந்து, "ஏன் வேர்த்துக் கொட்டுது?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்கு மூடியும் பூட்டும் போட்டார்.

மறுபடியும் வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் அந்தப் புத்தகத்தை உண்மையாகவே படித்தேன். நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அது. இரண்டு மாதம் ஆயிற்று. ஒருவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். இத்தனை பேர் அந்த டிராவல்ஸ் மாடிப்படி ஏறிப் போனார்களே, இந்தப் பக்கம் இருநூறு அடி தூரத்தில் அலமாரியில்தானே இருந்தது என்று தோன்றியது.

மல்லிகா மனுவை எழுதி முடித்தார். உள்ளூர் தபால் ஆபீசில் போட எங்களுக்குத் தைரியம் இல்லை. யாருக்கு யார் வேண்டியவர் என்று எப்படித் தெரியும்? சார் ஊருக்குப் போகும்போது மயிலாடுதுறையில் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் விலாசமாக நூலகத்தைக் கொடுத்திருந்தோம். தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலிலேயே நிற்பேன். அவர் கொஞ்சம் தாமதித்தால் அவரையும் சந்தேகப்படுவேன். ஐந்தாம் மாதம் அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்று வந்தது. அது நான்காவது ரவிக்கைத் துணிக்குள் போனது. செல்வராசு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. மல்லிகா படித்துவிட்டு, மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டார். நான் வெளியே பார்த்தபடி நின்றேன். இன்னும் மூன்று மாதம் கழித்து அவர் வந்து சேர்ந்தார். அதற்குள் ஒரு காலையில் டிராவல்ஸ் பலகையையும் காணோம், ஆளையும் காணோம். அந்த மாடிக்கு எஸ்.டி.டி. பூத் வந்தது.

பிளேடு போட்டவரும் தெரியவந்தார். அந்த ஓவர்சியர் பெரியவர்தான். திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்குள் தன் ராசிபலன் துண்டுகள் பதினைந்தை மறந்து வைத்திருந்தார். ராசிபலனுக்குப் பின்பக்கத்தில்தான் பல நாள் டிராவல்ஸ்காரரின் விளம்பரம் வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர். தினம் நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மல்லிகா மறுபடியும் நூலகத்துக்கு வர ஆரம்பித்தார். கார்டை சார் ரத்து செய்யாமல் வைத்திருந்தார்.

ஒருநாள் மாலை செல்வராசு தனியாக வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சார் எழுந்து உள்ளே போனதும் என் மேசைக்கு வந்தார்.

"நீங்கதானே கோவிந்து அண்ணன்? மல்லிகா எல்லாம் சொன்னா." இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் இல்லாத காலத்துல அவ இங்க நெறைய வந்திருக்கா போல."

"வந்தாங்க."

"அந்தச் சட்டப் புத்தகம் தவிர வேற என்னல்லாம் படிச்சா, அண்ணே?"

எனக்குத் தெரியும். நோட்டு எரிந்ததே தவிர என் தலை எரியவில்லை. எந்தக் கதைப் புத்தகம், எந்தக் கவிதைப் புத்தகம், எதை ஒரே நாளில் திருப்பினார், எதைத் தவணை தாண்டியும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார், எல்லாம் வரிசையாக ஞாபகத்தில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். போன வருடங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒருவரின் முகம் மாதிரியும் இருந்தது. வேறு மாதிரியும் இருந்தது.

"தெரியாதுங்க. புத்தகம் திரும்பி வந்துட்டா யாரு படிச்சாங்கன்னு இங்க எதுவும் இருக்காது."

"உங்களுக்கு ஞாபகம்கூட இல்லையா?"

"இல்லீங்க. அவங்களையே கேளுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்போடு கேட்டாரா, சந்தேகத்தோடு கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சொன்னது பொய் என்பது மட்டும் தெரியும். எதனால் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆடி மாதம் 22, வெள்ளிக்கிழமை.